அந்தப் புள்ள தண்ணி பாட்டிலோட பின்னாடியே நின்னுட்டு இருந்தா

பக்கத்து ஸ்கூலுங்களுக்குள்ள நடக்கிற குறுவட்டப் போட்டி முடிஞ்சு மூணு மாசம் ஆகப் போகுது, இன்னும் மனசுல இருந்து இறங்க மாட்டேங்குது. எம்மவ டீம் தோத்ததச் சொல்லல. தோத்த உடனே நான் வேகமா போய் அவங்க பி.டி. டீச்சர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன், அதைத்தான் சொல்றேன்.

14 வயசுக்கு உட்பட்ட பொண்ணுங்க வாலிபால். முதல் செட் நாங்க, ரெண்டாவது அவங்க, மூணாவது செட் 15 பாயிண்ட். நாங்க 12க்கு 9ல முன்னாடி நிக்கிறோம். நல்ல உயரமான ஒரு எட்டாவது படிக்கிற புள்ள சர்வீஸ் லைனுக்குப் போகுது, டீம்லயே அவ சர்வீஸ்தான் நம்பி இருக்கலாம், அந்த நேரம் பார்த்து டீச்சர் கையைச் சுத்தி மாத்தணும்னு ரெஃப்ரிகிட்ட காட்டுறாங்க. உள்ள வந்தது ஏழாவது படிக்கிற ஒரு சின்னப் புள்ள, பந்தை ரெண்டு கையால பிடிச்சா பந்துதான் தெரியுது, புள்ள தெரியல. போட்ட சர்வீஸ் நெட்ல விழுந்துச்சு. அவ்வளவுதான், அங்க இருந்து ஆட்டம் திரும்பிச்சு, 15க்கு 13ல தோத்தோம். நான் கயித்தைத் தாண்டிப் போய், "ஜெயிக்கிற நேரத்துல எதுக்கு டீச்சர் புள்ளைய மாத்துனீங்க, ஆடத் தெரியாத புள்ளைய எதுக்கு இறக்குனீங்க"ன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். டீச்சர் கோவப்படல. "அவ ஜூன்ல இருந்து ஒரு நாள் விடாம வர்றா சார், மேட்ச்ல போடாம மேட்ச் சர்வீஸ் எப்ப சார் கத்துக்குவா"ன்னு மட்டும் சொன்னாங்க. பதில் சொல்லலாம்னு வாயத் தொறக்கும்போதுதான் பார்த்தேன், அந்தப் புள்ள எனக்குப் பின்னாடியே தண்ணி பாட்டிலோட நிக்கிறா. நான் சொன்ன ஆடத் தெரியாத புள்ளங்கிற வார்த்தை அவ காதுல விழுந்திருக்கு. அழல. பாட்டிலை டீச்சர்கிட்ட நீட்டிட்டு போய்ட்டா.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு நான் கேட்டதுல தப்பு தெரியல. போட்டின்னா ஜெயிக்கத்தானே, இருக்கிறதுல நல்லா ஆடுற ஆறு பேரை இறக்கணும், அதுதானே கோச் வேலைன்னுதான் வண்டி ஓட்டிட்டு வரும்போது பின்னாடி உட்கார்ந்திருந்த எம்மவகிட்ட பேசிட்டே வந்தேன். அவ ஒண்ணும் சொல்லல.

கால எங்க வைக்கணும்

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில பந்தை சுவத்துல தட்டிட்டு இருந்தா. நான் போய் நின்னதும், "அப்பா, நீங்க ஸ்கூல் டீம்ல இருந்தீங்கல்ல, அண்டர் ஆர்ம் எடுக்கும்போது எந்தக் கால முன்னாடி வைக்கணும், எனக்கு பந்து பின்னாடியே போயிடுது"ன்னு கேட்டா. அண்டர் ஆர்ம்னா வர்ற பந்தை ரெண்டு கையையும் சேர்த்து கீழ இருந்து எடுக்கிறது. ரொம்ப சாதாரணமா கேட்டா. எனக்கு பதில் தெரியல.

நான் ஒன்பதாவதுல இருந்து பதினொண்ணாவது வரைக்கும் மூணு வருசம் ஸ்கூல் வாலிபால் டீம்ல இருந்தவன். 1994ல இருந்து 96 வரைக்கும். டிஸ்ட்ரிக்ட் வின்னர் சர்டிஃபிகேட் ரெண்டு இருக்கு, அம்மா லேமினேஷன் போட்டு வச்சது, இன்னும் ஊர்ல பீரோவுல கிடக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பார்க்கப் போனப்ப கூட எங்க மாமா அதைச் சொன்னாரு. எம்மவகிட்டயும் நூறு தடவ சொல்லியிருக்கேன். ஆனா அண்டர் ஆர்ம்க்கு எந்தக் கால் முன்னாடி வரணும், முட்டி எவ்வளவு மடங்கணும், கை எங்க சேரணும், பந்து கையில எந்த இடத்துல படணும், இதுல ஒண்ணு கூட எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லங்கிறது மொட்டை மாடியில அவ முன்னாடி நிக்கும்போதுதான் எனக்கே தெரியுது. எதையோ சொல்லி சமாளிக்க மனசு வரல. "எனக்குத் தெரியலம்மா"ன்னு சொன்னேன். அவ ஆச்சரியமா பார்த்தா.

மூணு வருசம் நான் என்னதான் பண்ணேன்? பந்து பொறுக்கினேன். எங்க கிரவுண்டு தேரி மண்ணு, செக்கச் செவேல்னு இருக்கும், அதுல சுண்ணாம்புத் தூள் போட்டு கோடு இழுக்கணும், அது நானும் இன்னொருத்தனும். நெட் கட்டுறது, அவுக்கிறது, பந்துக்குக் காத்து அடிக்கிறது, மேட்சுக்குப் போனா எல்லார் பையையும் பார்த்துக்கிறது. பன்னிரண்டு பேர் பேர் குடுக்கணும், நான் பன்னிரண்டாவது. ஒரு செட்டுக்கு ஆறு தடவ ஆளை மாத்திக்கலாம்னு ரூல் இருக்கு, மூணு வருசத்துல ஒரு தடவ கூட எங்க பி.டி. சார் என் பக்கம் திரும்பிப் பார்க்கல. அப்பல்லாம் 15 பாயிண்ட், அதுலயும் சர்வீஸ் போடுற டீமுக்குத்தான் பாயிண்ட், யார் சர்வீஸ் போட்டாலும் பாயிண்ட் கிடைக்கிற இப்ப இருக்கிற 25 பாயிண்ட் ரேலி முறை பின்னாடிதான் வந்துச்சு. ஒரு மேட்ச் நான் நினைவு வச்சிருக்கேன், 14க்கு 2 எங்களுக்கு, ஒரே ஒரு பாயிண்ட்தான் வேணும், அப்பவாவது கூப்பிடுவாருன்னு ஷூ லேஸை இறுக்கிக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாரை நான் குறை சொல்றதுக்காக இதை எழுதல, அவர் கெட்டவர் இல்ல. பஸ்ஸுக்கு சொந்தக் காசு போடுவாரு, ஜெயிச்சா எல்லாருக்கும் புரோட்டா, எனக்கும் சேர்த்துதான், எண்ணி வைக்க மாட்டாரு. பி.டி. ரூம் சுவத்துல இந்திய வாலிபால் டீம்ல ஆடின ஜிம்மி ஜார்ஜ் படம் பேப்பர்ல வந்தது வெட்டி ஒட்டியிருப்பாரு. 1986 சியோல் ஏசியன் கேம்ஸ்ல இந்தியா வெண்கலம் வாங்கினதை, அதுக்கு அடுத்த வருசமே ஜிம்மி இத்தாலியில கார் ஆக்சிடென்ட்ல போனதை, கண்ணு கலங்கச் சொல்வாரு. ஜிம்மிக்கு கேரளாவுல பேராவூர்ல அவங்க அப்பாதான் ஆட்டம் சொல்லித் தந்தாரு, அண்ணன் தம்பி எல்லாருமே வாலிபால்தான்னு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆட்டத்து மேல அவ்வளவு பிரியம் உள்ள மனுசன் எங்களுக்கு ஏன் சொல்லித் தரல? முப்பது வருசம் கழிச்சு இப்பதான் இதை யோசிக்கிறேன்.

ரெடியா வந்த பசங்க

எங்க ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு ஊர் உண்டு, அந்த ஊர்ல சின்னப் பையன்ல இருந்து பெரியவங்க வரைக்கும் சாயங்காலம் ஆனா வாலிபால்தான், ராத்திரி ஃபோகஸ் லைட் போட்டு டோர்னமென்ட் நடக்கும். அங்க இருந்து வர்ற பசங்க ஆறாவது சேரும்போதே சர்வீஸ் போடுவாங்க. சார் பண்ணது என்னன்னா அந்தப் பசங்க எந்த வருசம் எத்தனை பேர் சேர்றாங்கன்னு பார்த்து எடுத்துக்குவாரு. எங்க டீம்ல ஆடின ஆறு பேர்ல அஞ்சு பேர் அந்த ஊர்க்காரங்க. அவங்க ஆட்டத்தை அவங்க ஊர் அண்ணனுங்க சொல்லிக் கொடுத்தாங்க, கப்பு எங்க ஸ்கூலுக்கு வந்துச்சு, நல்ல கோச்னு பேர் சாருக்கு வந்துச்சு.

இதுல பாதிக்கப்பட்டது என்னை மாதிரி வெளிய உட்கார்ந்தவன் மட்டும்தான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. எங்க டீமோட ஸ்டார் ஒருத்தன், அடிச்சா பந்து தேரி மண்ணுல குழி விழும். டிஸ்ட்ரிக்ட் தாண்டி மேல போன மேட்ச்ல எதிர் டீம் அஞ்சு நிமிசத்துல ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டாங்க, இவனுக்கு அடிக்கத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. அப்புறம் போடுற சர்வீஸ் எல்லாம் இவன் மேலதான். கையில பட்டு பட்டு வெளிய போகுது. சார் வெளிய இருந்து "எடுல, எடுல"ன்னு கத்துறாரு. எப்படி எடுக்கணும்னு அவனுக்கும் அவர் சொல்லித் தரலையே. அன்னைக்கு அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, ஆடாத எனக்கு இருந்த அதே முகம்தான் அவனுக்கும். அவன் ஜெயிச்சுக் குடுக்கிறவனா இருந்ததாலயே அவனுக்கு எதுவும் புதுசா சொல்லித் தர வேண்டாம்னு விட்டாச்சு.

இன்னொண்ணு, பத்தாவது படிக்கும்போது நான் அஞ்சடி ஒரு இஞ்சு. காலேஜ் ரெண்டாவது வருசம் முடியும்போது அஞ்சடி ஒன்பது. பசங்க எப்ப வளருவாங்கன்னு யாருக்கும் சொல்ல முடியாது, பதிமூணு வயசுல கிளாஸ்லயே உயரமா இருந்தவன் அதோட நின்னுடுவான், குள்ளமா முதல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தவன் பதினெட்டுல நிலைப்படியில தலை தட்டுவான். ஸ்கூல் வயசுல ஆளை கழிச்சு விடுறது எவ்வளவு அவசரம்னு என் உடம்பே எனக்குச் சொல்லுச்சு. உயரம் வந்துச்சு, அதுக்குத் தகுந்த ஆட்டம் எங்கிட்ட இல்ல. காலேஜ் செலக்சனுக்குப் போய் முதல் பத்து நிமிசத்துலயே வெளிய வந்துட்டேன்.

ஸ்கூல் கோச்சுக்கு டீம் எடுக்கிறது ஒரு வேலைதான், ஆனா அது முதல் வேலை இல்ல. ஊர் கிளப்புல காசு கட்டி, பரிசுத் தொகைக்காக ஆள் எடுக்கிறாங்க, அது வேற. ஸ்கூல்ல பி.டி. பீரியட்ங்கிறது டைம் டேபிள்ல இருக்கிற பாடம். கணக்கு வாத்தியார் வகுப்புல நல்லா போடுற அஞ்சு பேரை முன்னாடி உட்கார வச்சு மத்தவங்களை போர்டு அழிக்கவும் சாக்பீஸ் எடுத்துட்டு வரவும் மட்டும் வச்சிருந்தா நாம சும்மா இருப்போமா? ஹெச்.எம். ரூம் வாசல்ல போய் நிக்க மாட்டோம்? கிரவுண்டுல அதே நடக்குது, நாம கையும் தட்டுறோம். நானும் தட்டினேன், அந்த ஆகஸ்ட் மாசம் தட்டுறதுக்குத்தான் போனேன்.

சர்டிஃபிகேட் கணக்கு

மத்த பக்கத்தையும் சொல்லணும். அன்னைக்கு என்னோட சேர்ந்து கோவப்பட்ட பெத்தவங்க நாலஞ்சு பேர் இருந்தாங்க, அவங்க கோவத்துல நியாயம் இருக்கு. சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டுக்குன்னு தனி இடம் இருக்கு, அரசு வேலையில 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கியிருக்கு, குறுவட்டத்துல தோத்தா மாவட்டம் கிடையாது, மாவட்டம் போகலைன்னா மாநிலம் கிடையாது. கூலி வேலைக்குப் போற வீட்டுப் புள்ளைக்கு அது ஒரு பெரிய கதவு. அந்தக் கதவு ஒரு சர்வீஸ்ல மூடுதுன்னா யாருக்குத்தான் வயிறு எரியாது.

ஆனா அந்தக் கதவு வரைக்கும் புள்ளைய யார் கூட்டிட்டுப் போறது? மாரியப்பன் தங்கவேலுவ எடுத்துக்கோங்க. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, அஞ்சு வயசுல கால் மேல பஸ் ஏறி வலது கால் முட்டிக்குக் கீழ நசுங்கிப் போச்சு. ஸ்கூல்ல அவர் ஆடிட்டு இருந்தது வாலிபால். அவரை உயரம் தாண்டச் சொல்லித் தூண்டினது அந்த ஸ்கூல் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம். ஜெயிக்கிற ஆறு பேர் யாருன்னு மட்டும் பார்க்கிற கண்ணா இருந்தா, கால் அடிபட்ட ஒரு பையன் அந்தக் கண்ணுல விழுந்திருப்பானா? மெடலுக்காக இதைச் சொல்லல. எல்லாப் புள்ளையும் ரியோ போகப் போறதில்ல. ஆனா ஒரு வாத்தியார் எல்லாரையும் உத்துப் பார்த்தாத்தான் யாருக்குள்ள என்ன இருக்குன்னே தெரியும். அதுக்கப்புறம்தான் சர்டிஃபிகேட் பேச்சே வரும்.

டீச்சரோட நோட்டு

மொட்டை மாடிக்கு அடுத்த நாள் சாயங்காலம் ஸ்கூலுக்குப் போனேன், மன்னிப்பு கேட்கணும்னுதான் போனேன். போனா நாலேமுக்கால் மணிக்கு கிரவுண்டுல இருபத்தெட்டு புள்ளைங்க. பந்து மூணு. அதுல ஒண்ணு முட்டை மாதிரி ஆகிப்போச்சு. டீச்சர் பகுதி நேர ஆசிரியை. தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்றேன், கல்வி உரிமைச் சட்டத்துல ஆறுல இருந்து எட்டு வரைக்கும் நூறு பேருக்கு மேல படிக்கிற ஸ்கூலுக்கு உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் பகுதி நேர ஆளு வேணும்னு இருக்கு, அதுக்காக 2012ல தமிழ்நாட்டுல 16,549 பேரை எடுத்தாங்க, மாசம் 5,000 ரூபா, வாரத்துக்கு மூணு அரை நாள். அப்புறம் கொஞ்சம் ஏத்தினாங்க, ஆனா நிரந்தரம் பண்ணச் சொல்லி பல வருசமா போராடிட்டு வந்திருக்காங்க, மே மாசம் சம்பளம் இல்லாமயே வருசக் கணக்கா வேலை பார்த்தாங்க. இந்த டீச்சர் வாரத்துக்கு அஞ்சு சாயங்காலம் நிக்கிறாங்க. மூணு அரை நாளுக்கு அரசாங்கம் குடுக்குது, மீதி நேரம் அவங்களோடது. நான் கயித்தைத் தாண்டிப் போய் கத்தினது இவங்ககிட்ட.

ஓரமா நின்னு பார்த்தேன். மூணு பந்துக்கு இருபத்தெட்டு புள்ளைங்க யாரும் சும்மா நிக்கல. ஒரு கூட்டம் சுவத்துல பந்து, ஒரு கூட்டம் நெட்டுக்குப் பக்கத்துல, பந்தே இல்லாம ஒரு கூட்டம் முட்டியை மடக்கி அஞ்சடி இந்தப் பக்கம் அஞ்சடி அந்தப் பக்கம் நகர்ந்துட்டு இருக்கு. டீச்சர் ஒரு புள்ள முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்து அவ பாதத்தைக் கையால பிடிச்சு நகர்த்தி வைக்கிறாங்க. "ஒரு கால் கொஞ்சூண்டு முன்னாடி, குதிகால் லேசா எழும்பணும், கட்டை விரல் ரெண்டும் ஒட்டி இருக்கட்டும், மணிக்கட்டுக்கு மேல பட விடு, கைய வீசாத, காலால எழும்பு." பந்து வந்துச்சு, மேல நேரா போச்சு. அந்தப் புள்ள சிரிச்சா. நான் மூணு வருசம் டீம்ல இருந்தும் கேட்காத ஆறு வாக்கியத்தை அஞ்சு நிமிசத்துல ஓரமா நின்னு கேட்டுட்டேன், தொண்டை அடைச்சுப் போச்சு எனக்கு.

மன்னிப்பு கேட்டேன். "விடுங்க சார், எல்லாருக்கும் ஜெயிக்கணும்னுதான் இருக்கும், எனக்கும் இருக்கு"ன்னாங்க. அப்புறம் ஹேண்ட்பேக்ல இருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாங்க, சாதாரண நாப்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ள. ஸ்கோர் எதுவும் இல்ல அதுல. அண்டர் ஆர்ம் சுவத்துல விடாம பத்து எடுத்தது என்னைக்கு, சர்வீஸ் முதல் தடவ நெட்டைத் தாண்டினது என்னைக்கு, மேட்ச்ல பயப்படாம போட்டது என்னைக்கு, எல்லாத்துக்கும் தேதி. அந்த ஏழாவது புள்ள பக்கத்தைத் திருப்பினாங்க. ஜூன்ல கோட்டுக்கு மூணு மீட்டர் உள்ள நின்னு போட்டிருக்கா, ஜூலை கடைசியில முழுக் கோட்டுல நின்னு பத்துக்கு நாலு தாண்டியிருக்கு, ஆகஸ்ட் முதல் வாரம் பத்துக்கு எட்டு. குறுவட்டப் போட்டி அன்னைக்கு எழுதியிருந்தது: "மேட்சில் முதல் சர்வீஸ். நெட். கை நடுங்கியது. அடுத்த முறை முதல் செட்டிலேயே இறக்க வேண்டும்." ஆடத் தெரியாத புள்ளன்னு நான் சொன்ன புள்ள பத்துக்கு எட்டு போடுற புள்ள. டீச்சரும் தன்னோட தப்பை எழுதி வச்சிருக்காங்க, இறக்கினது தப்பில்ல, மூணாவது செட் வரைக்கும் காக்க வச்சதுதான் தப்புன்னு. அதை அவங்க என்கிட்ட வாய்விட்டுச் சொல்லல, நானா படிச்சேன்.

கோச் வேலைன்னா என்னன்னு கேட்டா இனிமே நான் அந்த நோட்டைத்தான் காட்டுவேன். வருசக் கடைசியில கப் எத்தனைன்னு கேட்கிற பெத்தவங்க, ஹெச்.எம்., எல்லாரும் இப்படி ஒரு நோட்டு இருக்கான்னு ஒரு தடவ கேளுங்க. ஜூன்ல முடியாதது மார்ச்ல எந்தப் புள்ளைக்கு என்ன முடியுதுன்னு கேளுங்க. என் சார்கிட்ட அப்படி யாரும் கேட்கல, கேட்டிருந்தா அவரும் செஞ்சிருப்பாருன்னு நான் நம்புறேன், பிரியம் இருந்த மனுசன்.

கிளம்பும்போது அந்தப் புள்ள கிட்ட போய், "மாமா அன்னைக்கு தப்பா சொல்லிட்டேம்மா"ன்னு சொன்னேன். அவ "பரவால்ல மாமா"ன்னு சொல்லிட்டு வரிசைக்கு ஓடிட்டா, அவ முறை வந்துடுச்சு. அது போதாதுன்னு எனக்குத் தெரியும். அடுத்த வாரம் கடைக்கு சரக்கு எடுக்கப் போனப்ப ரெண்டு பந்து வாங்கிட்டு வந்து குடுத்தேன்.

எம்மவ பக்கத்தையும் பார்த்தேன். அண்டர் ஆர்ம்ல தேதி இருக்கு. ஓவர்ஹெட் சர்வீஸ்ங்கிறதுக்கு நேரா காலியா இருக்கு, ஓரத்துல பென்சில்ல "டாஸ் பின்னால் போகிறது"ன்னு எழுதியிருக்கு. பந்தை மேல போடுறது நேரா இல்லைன்னா அடிக்கிற கை எவ்வளவு நல்லா இருந்தாலும் சர்வீஸ் வராதாம், அதனால இப்போதைக்கு அடிக்கவே வேண்டாம், மேல போட்டு கீழ விழ விடணும், அடிக்கிற தோளுக்கு நேரா கொஞ்சம் முன்னாடி சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டு பந்து அதுல விழுதான்னு பார்க்கணும். தினம் அம்பது. மொட்டை மாடியில வட்டம் போட்டாச்சு, நான் உட்கார்ந்து எண்ணுவேன். நேத்து அம்பதுல முப்பத்தொண்ணு உள்ள விழுந்துச்சு.